சவரிமுத்து ரைட்டரின் நாற்பது ஆட்கள்

செவ்வாய்க்கிழமை விடிகாலை. ஏற்காடு மஞ்சக்குட்டையிலிருந்து ஜீப்பைக் கிளப்பி முதல் வளைவைத் தாண்டியிருக்க மாட்டேன், போன் அடித்தது. ரைட்டரின் மனைவி ஜெயராணி.

"அண்ணா, இன்னைக்கு வண்டி வேண்டாங்ணா."

"சரிங்கம்மா. அப்ப நாளைக்கு வரட்டுங்களா?"

"இனிமே வேண்டாங்ணா."

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. வேறு வண்டி பேசிவிட்டார்களோ என்று மனத்தாங்கல்கூட வந்தது. நான் அப்படிப்பட்ட ஆள். பின்னால் யாரோ அழுவது கேட்ட பிறகுதான் புரிந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தி, விளக்கை அணைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இரண்டரை வருஷமாகச் செவ்வாய், வியாழன், சனி என்று சேலத்துக்கு ரத்தம் சுத்தம் செய்ய அவரைக் கொண்டுபோய்க் கொண்டுவந்த களைப்பு முழுவதும் அந்த ஐந்து நிமிஷத்தில் வந்து இறங்கியது போலிருந்தது.

முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குச் சவரிமுத்து என்றால் வெள்ளக்கடை எஸ்டேட் ரைட்டர் மட்டும்தான். காலையில் ஆட்களுக்குப் பேர் போடுவார், கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார், அவ்வளவு தெரியும். ஞாயிற்றுக்கிழமை மேசைக்கு வந்த எங்களுக்குத்தான் மற்றது தெரியும். அதைப் பூசையன்று வாசிக்க எழுத வேண்டும் என்று எல்லோரும் சேர்ந்து என்னைப் பிடித்துவிட்டார்கள். பத்தாவதில் நான் தேறிய ஒரே பாடம் தமிழ் என்பதுதான் காரணமாம். முப்பத்தைந்து மதிப்பெண் வாங்கித் தேறினேன் என்பதை அவர்களிடம் நான் சொல்லவில்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் எஸ்டேட் பங்களாவுக்கு வந்த விருந்தாளி யாரோ ஒரு பெட்டியை மறந்து விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். உள்ளே சுண்டுவிரல் உயரத்தில் நாற்பது பிளாஸ்டிக் சிப்பாய்கள், பகடை, ஒரு விதிப் புத்தகம். எல்லாம் சாம்பல் நிறம். நாமே வர்ணம் தீட்டிக்கொள்ள வேண்டுமாம். ரைட்டர் இரண்டு கடிதம் போட்டுப் பார்த்தார், பெட்டியைக் கேட்டு யாரும் வரவில்லை. பிறகு அகராதியை வைத்துக்கொண்டு விதிப் புத்தகத்தைப் படித்தார். காப்பிக் கொட்டையின் மாதிரிகளைச் சோதிக்கும் அறையில் இருந்த நீள மேசையில் தெர்மாகோல் மலை எழும்பியது. தரைக்குக் காப்பித் தொலியைப் பசை போட்டு ஒட்டினார். அச்சு அசலாக நம் ஊர் மண்தான். ஞாயிறு மதியம் நாலைந்து பேர் அவரவர் வாங்கிய படையோடு கூடி, அவருடைய நாற்பதுக்கு எதிராக டேப்பால் அளந்து ஆளை நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போடுவோம்.

"பொம்மை" என்று சொன்னால் அவருக்கு ஆகாது. "ஆளுங்க" என்றுதான் சொல்வார். நாற்பது பேருக்கும் பெயர் இருந்தது. ஆட்டம் தொடங்குமுன் பழைய செக்ரோல் நோட்டை விரித்து, எஸ்டேட்டில் செய்வது போலவே ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு ஆஜர் போடுவார். வர்ணம் முடியாத ஆளுக்கு ஆஜர் கிடையாது. "துணி உடுத்தாம வேலைக்கு வந்தா பேர் போடுவமுங்களா?" என்பார்.

நான் அந்த மேசைக்கு விளையாட வந்தவன் இல்லை. என் மகள் நிவேதாவைக் கொண்டுவந்து விடுகிற வண்டிக்காரன். அவள் உள்ளே படை நடத்துவாள், நான் ஜீப்பில் தூங்குவேன். ஒருநாள் மழை, ஜீப் ஒழுகியது, உள்ளே போய் மூலையில் உட்கார்ந்து கொட்டாவி விட்டேன். ரைட்டர் தலையைத் தூக்காமலே ஒரு பிரஷ்ஷை நீட்டினார்.

"ஏனுங்க தங்கவேலு, நீங்க வாயத் தொறந்தா என் குதிரைப்படை பூரா உள்ள போயிடுமாட்ட இருக்குது. இந்தாங்க, இந்த ஆளுக்குக் கண்ணு வைங்க."

வைத்தேன். இரண்டு கண்ணும் மூக்கைவிடப் பெரிதாக, ஒன்று வடக்கே ஒன்று தெற்கே பார்த்தது. நிவேதா அதைத் தூக்கிப் பார்த்து, "அப்பா, இவன் வளைவுல காட்டுமாட்டுக்கு நேரா போய் நின்னவனாட்டம் இருக்கான்" என்றாள். மேசை மொத்தமும் சிரித்தது. ரைட்டர் மட்டும் சிரிக்காமல் நோட்டை எடுத்து, கடைசி வரிசையில் நாற்பதாவது ஆளின் பழைய பெயரை அடித்துவிட்டு, "தங்கவேல் டிரைவர்" என்று எழுதிக்கொண்டார்.

அன்றிலிருந்து எனக்கும் பிடித்துக்கொண்டது. வர்ணத்தைத் தண்ணீர் விட்டு இளக்க வேண்டும். எவ்வளவு என்று கேட்டால், "பால் மாதிரி. டீக்கடைப் பால் இல்லீங்க, ஊட்டுப் பால்" என்பார். ஒரே பூச்சில் மூடப் பார்க்காதே, காய விட்டு அடுத்தது பூசு. இரண்டு மணிக்கட்டையும் ஒன்றோடொன்று ஒட்டிப் பிடி, கை ஆடாது. இதையெல்லாம் அவர் பாடமாகச் சொன்னதில்லை. நான் கெடுத்துவிட்டு நிற்கும்போது பக்கத்தில் வந்து முணுமுணுப்பார். வருஷம் போகப் போக என் ஆட்களுக்குக் கண் சிறிதானது. வீட்டில்தான் மதிப்பில்லை. "பொண்ணு வெளையாடுற வயசுல நீங்க வண்டி ஓட்டுனீங்க, அவ வேலைக்குப் போன வயசுல நீங்க வெளையாடுறீங்க" என்றாள் என் மனைவி. கணக்கு சரிதான்.

ரைட்டரிடம் ஒரு குறை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். அவர் கை தேறிக்கொண்டே போனது. அதனால் போன வருஷம் தீட்டிய ஆள் இந்த வருஷம் அவர் கண்ணுக்கு அசிங்கமாகத் தெரியும். உடனே காயம் கழுவும் மருந்தில் ஊறப்போட்டு, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து வர்ணம் முழுவதையும் உரித்துவிடுவார். அறை முழுக்க ஆஸ்பத்திரி வாசனை அடிக்கும். நாற்பதில் முப்பத்தைந்து முடிந்திருக்கும், பத்தை உரித்துவிடுவார். அந்தப் பத்தை முடிப்பதற்குள் வேறு பத்து கண்ணை உறுத்தும். ஒன்பது வருஷத்தில் ஒரு ஞாயிறுகூட அந்த நோட்டில் முழு ஆஜர் விழுந்ததில்லை. ஒரு ஆளை மட்டும் அவர் உரித்ததே இல்லை. காட்டுமாட்டைப் பார்த்த தங்கவேல் டிரைவர். எனக்குக் கை கொஞ்சம் தேறிய பிறகு, வெட்கமாயிருக்கிறது, கழுவிவிட்டு மறுபடி தீட்டித் தருகிறேன் என்று கெஞ்சினேன். "அது உங்களுது இல்லீங்க, செக்ரோல்ல இருக்குற ஆளு" என்று சொல்லிவிட்டார்.

சிறுநீரகம் கெட்ட பிறகு மனிதர் பாதியானார். குடிக்கும் தண்ணீருக்கு அளவு. பிரஷ் கழுவும் டம்ளர் பக்கத்தில் நிறைந்திருக்கும், அதையே பார்ப்பார். "எனக்கு அரை டம்ளரு, இந்த பிரஷ்ஷுக்கு ஒரு டம்ளரு. பொறப்பு பாருங்க" என்பார். ஆஸ்பத்திரி நாட்களில் கை பிடித்துக்கொள்ளும், விரல் மடங்காது. போகும்போது அவர் பேசுவார், வரும்போது வாயைத் திறக்க மாட்டார். இருபது வளைவையும் இரண்டு பேரும் மௌனமாக ஏறுவோம். எனக்கும் சேர்த்து அலுத்துப்போயிருந்தது, பொய் சொல்லக் கூடாது.

ஒருநாள் கீழே இறங்கும்போது சொன்னார். "தங்கவேலு, ஒரே ஒரு தடவ நாப்பதும் நிக்கணுங்க. உரிக்கறத உட்டுட்டேன். நொம்ப நாள் தள்ள முடியாது."

பெங்களூரில் வேலையில் இருக்கும் நிவேதாவுக்குச் சொன்னேன். அவள் ஞாயிறுக்கு வருவதாக நாள் குறித்தாள். "மாமா கழுவாம இருக்காரான்னு பாத்துக்கங்கப்பா" என்றாள். வெள்ளிக்கிழமை பாக்கியிருந்த கடைசி ஆளும் முடிந்து நாற்பதும் தயாரானது. மேலே பளபளக்காத மேட் வார்னிஷ் அடித்துவிட்டால் கை பட்டு வர்ணம் உரியாது, அது ஒன்றுதான் பாக்கி. மேசை அறையிலேயே போட்டிருந்த கட்டிலை விட்டு அவரால் எழுந்திருக்க முடியவில்லை. ஸ்பிரே டப்பாவை என்னிடம் கொடுத்து, "ஜன்னலப் பாத்துட்டு டப்பாவக் குலுக்குங்க" என்றார்.

குலுக்கினேன். பனி இருக்கிறதா என்று ஜன்னலையும் பார்த்தேன், அதுதான் கொடுமை. இந்த மலையில் இருபத்தேழு வருஷமாக வண்டி ஓட்டுகிறவன் நான். முன்னால் போகிற பஸ்ஸின் சிவப்பு விளக்கு தெரிந்தால் என் கணக்கில் அது பனியே இல்லை. அன்று காப்பி காயப்போடும் களத்தின் அந்தப் பக்கத்து வேலி தெரிந்தது. நல்ல வெளிச்சம் என்று நினைத்துக்கொண்டேன். நாற்பது பேரையும் பலகையில் வரிசையாக நிறுத்தி, களத்தில் வைத்து மூன்று இழுப்பு அடித்தேன்.

பத்து நிமிஷத்தில் படை வெளுத்துவிட்டது. சிவப்பு அங்கி, பச்சைக் கொடி, தோல் வார், அவர் மாதக்கணக்கில் வைத்த கண்கள், எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளைப் படலம். காற்றில் ஈரம் இருந்தால் அந்த வார்னிஷ் அப்படித்தான் பூத்துவிடுமாம். துணியால் துடைத்தேன், போகவில்லை. பலகையைத் தூக்கிக்கொண்டு அவர் கட்டிலருகே போய் நின்றேன். என் பத்தாவது ரிசல்ட்டை என் அப்பாவிடம் காட்டியதுகூட இதைவிடச் சுலபமாக இருந்தது.

அவர் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை சேலம் போகும்போது இருபது வளைவும் பேச்சில்லை. திட்டினால் தேவலை என்றிருந்தது. அடிவாரம் வந்ததும் கேட்டார்.

"எத்தன ஆளு?"

"நாப்பதும்ங்க."

"ஒருத்தனையாவது உட்டு வச்சிருக்கலாமுல்ல?"

"வரிசையா நின்னாங்க. நானும் வரிசையா அடிச்சுப்புட்டேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்து வண்டியை மெதுவாக்கினேன். சிரித்துக்கொண்டிருந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர. "ஏற்காட்டுப் படைங்க. பனி இல்லாம வருமா?" என்றார்.

அன்று திரும்பி வந்தபோது அவர் கை மரக்கட்டை போலிருந்தது. இருந்தாலும் அலமாரியிலிருந்து பளபளக்கும் வார்னிஷ் பாட்டிலை எடுக்கச் சொன்னார். தளபதியை எடுத்து, பிரஷ்ஷில் ஒரு துளி தொட்டு அங்கியில் இழுத்தார். பிரஷ் போன வழியில் வெள்ளை மறைந்து சிவப்பு எழுந்தது. "பாத்தீங்களா? சாகல. போர்வையப் போத்திட்டுப் படுத்திருக்கானுங்க." அந்த ஒருவனை முடிப்பதற்குள் விரல் பிடித்துக்கொண்டது. பிரஷ்ஷை என்னிடம் நீட்டினார். பலகையைப் பார்த்தேன், முப்பத்தொன்பது பேர். கெடுத்தவன் கையிலேயே கொடுக்கிறாரே என்று தோன்றியது.

"நீங்க கண்ணு வைக்கப் போறதில்லீங்க. இருக்குற கண்ணத் தொறந்து உடப் போறீங்க. மெதுவா."

அன்று பொழுது சாயும்வரையும் ஞாயிறு காலையிலும் மணிக்கட்டை ஒட்டிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகப் பூசினேன். அவர் பக்கத்தில் படுத்தபடி, "மடிப்புல தேங்குது, ஒத்தியெடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நிவேதா வந்து இறங்கியபோது ஒரு ஆள் பாக்கி. தங்கவேல் டிரைவர். பாட்டிலைத் தொட்டேன்.

"அவன உடுங்க," என்றார் ரைட்டர். "அவன் பனியிலயே நிக்கட்டும். அவனாலதான எல்லாத்துக்கும் வந்துச்சு."

"நாற்காலியத் தூக்கி மேசைகிட்டப் போடுங்கப்பா, மாமா ஆஜர் எடுக்கணும்," என்றாள் நிவேதா.

எடுத்தார். குரல் மெலிந்திருந்தது, இருந்தாலும் ஒரு பெயரையும் விழுங்கவில்லை. முப்பத்தொன்பது ஆஜர் விழுந்தது. "தங்கவேல் டிரைவர்" என்று கூப்பிட்டுவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஐம்பத்திரண்டு வயதில் நான் எழுந்து நின்று, "உள்ளேனுங்க" என்றேன். நாற்பது. பக்கத்தின் அடியில் கோடு இழுத்துக் கையெழுத்துப் போட்டார். அதற்கே மூச்சு வாங்கியது.

டீ வருவதற்குள் நிவேதா அவர் படையை அழித்துவிட்டாள். விட்டுக்கொடுத்து ஆடுகிற பெண் இல்லை அவள். அவரும் அதைத்தான் விரும்பினார். கடைசி ஆள் விழுந்ததும் நாற்காலியில் சாய்ந்து சொன்னார்: "இத்தன வருசமா பாதிப் படையோட தோத்துட்டு இருந்தேன் கண்ணு. இன்னைக்குத்தான் முழுசா தோத்திருக்கேன்."

அதற்குப் பிறகு ஆறு தடவை சேலம் போய்வந்தோம். ஏழாவது தடவைக்கு, அந்தச் செவ்வாய்க்கிழமைதான், வண்டி வேண்டாம் என்றார்கள்.

ஜெயராணியம்மா பெட்டியையும் நோட்டையும் நிவேதாவுக்குக் கொடுத்துவிட்டார். அடுத்த மாதத்திலிருந்து மேசை மறுபடி நடக்கும், அவள் வருகிற ஞாயிறுகளில் அவளே ஆஜர் எடுப்பாள். முப்பத்தொன்பது பேர் பெட்டியில் இருக்கிறார்கள். நாற்பதாவதை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஆட்டத்தன்று மட்டும் கொண்டுபோய்க் கொடுப்பதாகப் பேச்சு. மற்ற நாட்களில் அவன் என் ஜீப்பில், ஸ்டியரிங்குக்கு முன்னால், முருகன் படத்துக்குப் பக்கத்தில் நிற்கிறான். இப்போதெல்லாம் வண்டி எடுக்குமுன் ஜன்னலைத் திறந்து பார்க்கிறேன். பஸ் விளக்குத் தெரிகிறதா என்று பார்ப்பதில்லை, காற்றில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பழக்கமும் அந்த ஆளும்தான்.

போன வாரம் முன் சீட்டில் ஏறிய ஒரு பெரியம்மா அவனை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏனுங்க, இது என்ன சாமி? இப்பிடி வெளுத்துக் கெடக்குது?"

"சாமி இல்லீங்க. டிரைவரு. பனியில நிக்கறாரு."

"தொடச்சு வச்சா என்னங்க?"

"ஒரு பூச்சுப் பூசுனா வெளுப்பு போயிடுமுங்க. வார்னிஷ் ஊட்லதான் இருக்குது," என்றேன். "பனியிலயே நிக்கச் சொல்லிட்டு ரைட்டரு போயிட்டாருங்க."