விசிறி சுழலுமுன் கேட்டவர்

பிலோமினா ஆசிரியை காலமானார் என்ற செய்தி, மன்னார் நகரில் நான் முழங்கிக்கொண்டிருந்த கூட்டத்துக்குள் யாரோ ஒருவரின் கைபேசி வழியே நுழைந்தது. முன்வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தார். பின்வரிசைகளும் எழுந்தன. என் உரையின் உச்சத்தில் பாதிக் கதிரைகள் வெறுமையாயின. அவரை அறிந்த உங்களிடம் எதை மறைப்பேன்? அழுகைக்கு முன் எனக்குப் பொறாமையே வந்தது. இறந்தும் என் அவையைக் கொண்டுபோய்விட்டார்.

தமிழ்நாட்டு அகதி முகாம்களிலிருந்து மீண்டவர்கள் இக்கரையில் கூரைத்தகரம் அடித்துக்கொண்டிருந்த ஆண்டுகளில், மீளத் திறந்த பள்ளியொன்றில் இருவரும் பணியாற்றினோம். நான் தமிழ், அவர் அறிவியல். வெளிநாட்டிலிருந்த தம்பி அனுப்பிய மாதிரி உலங்குவானூர்தி ஒன்று, எஞ்சினில் பறக்கும் குட்டி ஹெலிகொப்டர், அவரிடம் இருந்தது. அது ஆசிரியர் அறைக்கு வந்தபின் என் மேசைப் பக்கம் எவரும் தலைகாட்டவில்லை.

ஒருநாள் அதன் வயிற்றைத் திறந்து காட்டினார். உள்ளே சிறு உலோகக் கிண்ணம். கிண்ணத்துக்குள் பிளவுபட்ட இரு துண்டுகள்.

"இந்தத் துண்டு ரெண்டும் எஞ்சினோடை சுத்தும். மெதுவாச் சுத்தேக்கை ஒடுங்கிக் கிடக்கும். வேகம் ஏற ஏற விரிஞ்சு, கிண்ணத்தை உள்ளாலை உராஞ்சு பிடிக்கும். அப்பதான் கிண்ணமும் சுத்தும், மேலை விசிறியும் சுத்தும்."

"வேகம் குறைந்தால்?"

"சுருங்கி விட்டிடும். எஞ்சின் தன்பாட்டிலை முழங்கும், விசிறி அசையாது. உங்களைப்போலத்தான் மாஸ்ரர்!"

அறை சிரித்து ஓய்ந்தபின், அதற்கு 'மையநீக்கப் பிடி' என்று பெயர் சூட்டினேன். "பேரை நீங்கள் வையுங்கோ, சுத்துறதை நான் பாக்கிறன்" என்றார்.

பள்ளிக் கண்காட்சி நாள் வந்தது. முதலில் என் உரை, கைதட்டினார்கள். அடுத்து அவர் முற்றத்தில் எஞ்சினை முடுக்கினார். அந்த இரைச்சல் கேட்டதும் கைதட்டிய கைகள் பிள்ளைகளை இழுத்து அணைத்தன. வானத்தில் உலங்குவானூர்தி கேட்டால் பதுங்குகுழிக்கு ஓடிப் பழகிய உடல்கள் அவை. லூர்தம்மா என்ற தாய் மகனைத் தூக்கிக்கொண்டு பனைகளை நோக்கி ஓடினார்.

"லூர்தம்மா, சத்தம் மட்டுந்தான்! விசிறியைப் பாருங்கோ, அசையுதோ? நீங்கள் ஓமெண்டு சொன்னால்தான் வேகத்தைக் கூட்டுவன்."

லூர்தம்மா நின்றார். திரும்பினார். மெல்ல நெருங்கினார். அப்போது பார்த்து, யாரும் கேட்காமலே விசிறி ஊரத் தொடங்கியது. வெயிலில் எஞ்சினின் ஓய்வுவேகம் ஏறி, பிடி பாதி பற்றிவிட்டிருந்தது. கல்விக் கந்தோரிலிருந்து வந்திருந்த அதிகாரி, "பரவாயில்லை ரீச்சர், ஏத்துங்கோ, நேரம் போகுது" என்றார்.

ஆசிரியை எரிபொருட் குழாயை நெரித்து எஞ்சினை அணைத்தார்.

"சொல்லுக்கு மாறா அசைஞ்சிட்டுது. பிழை என்ரை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று அந்தத் தாயிடம் சொன்னார். திருகாணியைத் திருகி ஓய்வுவேகத்தைக் குறைத்து, மறுபடி முடுக்கி, காத்திருந்தார். எஞ்சின் இரைந்தது. விசிறி அசையவில்லை. அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார். லூர்தம்மா விசிறியையே பார்த்தார்.

"கூட்டுங்கோ ரீச்சர். மெதுவா."

பிடி பற்றியது. விசிறி வட்டமாகி மறைந்தது. அந்தச் சிற்றூர்தி கூரைக்கு மேல் எழுந்து அசையாது நின்றது. ஓடிய தாயே முதலில் சிரித்தார். "இவ்வளவுதானே! இதுக்கே ஓடினனான்?" பிள்ளைகள் ஆர்ப்பரித்தார்கள். என் உரையின் ஒரு சொல்லும் அன்று எவர் நெஞ்சிலும் எஞ்சவில்லை என்பதை நான் அறிவேன்.

நல்லடக்கத்தன்று சேமக்காலையில், கல்லறைகளுக்கு நடுவே, இரங்கலுரை ஆற்றினேன். செஞ்சொற்கள் அனைத்தையும் அவருக்காக அடுக்கினேன். முடிந்ததும் லூர்தம்மா வந்து என் கையைப் பற்றினார். "நல்லாப் பேசினியள் மாஸ்ரர். நீங்கள் எப்பவும் நல்லாத்தான் பேசுவியள். அவ எங்களைக் கேட்டவ."

ஊர்தியைத் தம்பி கொண்டுபோனார். நூல்கள் பள்ளிக்குச் சென்றன. நான் வைத்துக்கொண்டது பொறாமையை. இன்றும் மேடையேறி, ஒலிவாங்கியைப் பற்றி, முதற்சொல்லுக்குமுன் உங்கள் முகங்களைப் பார்க்கிறேன். "தொடங்கட்டோ?" என்று கேட்க இன்னும் என் நா எழவில்லை. அது எழும்வரை இந்தப் பொறாமை ஆறாதிருக்கட்டும்.