ஆபரேட்டர் இல்லாத நேரத்து ஆபரேட்டர் தவறு

தொழிற்சாலையின் ஒரே தயாரிப்பு லைனில் நாலு கம்பெனிகளின் இயந்திரங்கள் இருந்தால், அவை ஒன்றோடொன்று பேச ஒரு பொது மொழி வேண்டும். அந்த மொழியில் கோளாறுகளுக்குப் பெயர் வைக்கும் குழுவில் என்னையும் போட்டார்கள். எக்ஸெப்ஷன் என்பார்கள் எங்கள் தொழிலில். வேலை நின்றுவிட்டது, காரணம் இது என்று இயந்திரம் தானே திரையில் சொல்வது. ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும் என்று நம்பிப் படப்பையிலிருந்து ஒரகடத்துக்குக் கிளம்பினேன். அப்படி ஒரு வெகுளி நான்.

குழுவில் ஒரு விதி இருந்தது. ஒவ்வொரு வகைக் கோளாறுக்கும் ஒரு கம்பெனி பொறுப்பேற்க வேண்டும். அது வந்தால் போனை எடுக்க வேண்டியது அவர்கள்தான். ‘சென்சார் கோளாறு’ என்று பலகையில் எழுதினேன். சென்சார் வெளியே வாங்கியது என்றார் இயந்திரக் கம்பெனிக்காரர். தூசி படிந்தால் எந்த சென்சாரும் அப்படித்தான் என்றார் அதை விற்றவர். எங்கள் ஆலையில் தூசியே கிடையாது என்றார் தொழிற்சாலை அதிகாரி, வெளியே லாரிகள் கிளப்பிய புழுதிக்கு எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு. நான் எழுதியதை நானே அழித்தேன். ‘ஆபரேட்டர் தவறு’ என்ற வகை மட்டும் டீ ஆறுவதற்குள் ஏகமனதாக நிறைவேறியது. ஆபரேட்டர்கள் சார்பில் அந்த அறையில் யாரும் இல்லை.

இந்தப் பெயர்களின் சோதனை ஓட்டத்துக்குக் கிடைத்த லைனில் பென்னலூர்ப் பெண் ஒருத்தி வேலை செய்தாள். காண்ட்ராக்ட் வேலை; அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடிக்கொண்டிருந்தது. பொருள்களை நகர்த்தும் பெல்ட் நிற்கும்போதெல்லாம் திரையில் ‘ஆபரேட்டர் தவறு’ என்று சிவப்பில் வந்தது. அது அவள் கணக்கில் ஏறியது. இப்படியே போனால் மாதக் கடைசியில் காண்ட்ராக்டைப் புதுப்பிக்க மாட்டோம் என்று சூப்பர்வைசர் எச்சரித்தார். ஒருநாள் அவள் கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பெல்ட் நின்றது. அதற்கும் ஆபரேட்டர் தவறு. எதற்குச் சாப்பிடப் போனாய் என்று கேட்டார் சூப்பர்வைசர்.

“நான் இல்லாதப்போ நான் இன்னாக்கா தப்பு பண்ணேன்?” என்று என்னிடம் கேட்டாள்.

அடுத்த கூட்டத்தில் இதைச் சொன்னேன். இயந்திரக் கம்பெனிக்காரர் மிகுந்த அக்கறையோடு கேட்டுவிட்டு, நல்ல விஷயம், அதற்கு ஒரு உட்பிரிவு சேர்த்துவிடலாம் என்றார்: ‘ஆபரேட்டர் இல்லாத நேரத்து ஆபரேட்டர் தவறு’. மற்றவர்கள் குறித்துக்கொண்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்துபோய் பலகையில் ‘காரணம் தெரியவில்லை’ என்று பெரிதாக எழுதினேன். யார் பொறுப்பு என்று கேட்டார்கள். எங்கள் கம்பெனி என்றேன், யாரையும் கேட்காமல். இயந்திரங்களை இணைக்கும் மென்பொருள் எங்களுடையது. அதைத் தவிர எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அத்தனை கைகளும் ஒரே நேரத்தில் உயர்ந்தன. தொழிற்சாலை அதிகாரி எனக்குக் கைகொடுத்துப் பாராட்டினார்.

அன்றிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் சாலை ஆலைகளில் எந்த இயந்திரம் நின்றாலும் காரணம் தெரிவதில்லை. சென்சார், மோட்டார், எலி கடித்த ஒயர், எல்லாவற்றையும் அவரவர் இந்த ஒரே வகைக்குள் தள்ளிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். சுங்குவார்சத்திரத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போதுகூட என் போன் அடிக்கிறது. மேனேஜர் என்னை அழைத்து, ஊர்க் கோளாறை எல்லாம் நீ ஏன் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டாய் என்று கத்தினார். அந்தப் பொறுப்பைப் பொது மொழியின் அடுத்த பதிப்பில் திருப்பிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். கொடுத்தால் அது எந்தத் தலையில் போய் விழும் என்று எனக்குத் தெரியும், இழுத்தடித்துக்கொண்டிருக்கிறேன்.

அவளுக்குக் காண்ட்ராக்ட் புதுப்பித்துவிட்டார்கள். போன வாரம் லைனில் பார்த்தேன். பெல்ட் இப்போது ஒழுங்காக ஓடுகிறதா என்று கேட்டேன்.

“எங்க ஓடுது அக்கா, அது அப்பப்ப நின்னுகினுதான் கீது,” என்றாள். “ஆனா இப்பல்லாம் நின்னா யாரும் என் மூஞ்சியப் பாக்கறதில்ல.”