வந்துகொண்டே இருந்த மாமனார்

மருமகனாகப் பிறந்தவன் மாமனாரை வருஷத்துக்கு நாலு தடவை 'வாங்க மாமா' என்று கூப்பிட்டால் போதும். தீபாவளி, பொங்கல், ஒரு காதுகுத்து, ஒரு திருவிழா, முடிந்தது கதை. நான் தினமும் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை லீவுகூட எனக்குக் கிடையாது. திண்டிவனத்தில் எங்களுக்கு ஒண்டிக்குடித்தனம். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, ரெண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் தெருவில் நிற்க வேண்டிய ஒரு வாசல். அந்த வாசலில் சாயங்காலமானால் என் மாமனார் வந்து நின்று இருமுவார். நான் உள்ளேயிருந்து 'வாங்க மாமா' என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் செருப்பைக் கழற்றுவார்.

எங்கிருந்து வருவார் என்றால், காலையில் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பிப் போனவர்தான் வருவார். பைத்தியக்காரத்தனம் என்று நீங்கள் நினைத்தால் நானும் அதையேதான் நினைத்தேன். ஆனால் நான் மருமகன். நினைக்கலாம், சொல்லக்கூடாது.

மரக்காணம் பக்கத்தில் கடலோரக் குப்பம் ஒன்றுதான் என் மனைவியின் ஊர். எங்கள் கல்யாணத்தின்போது அவர்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு கிரிக்கெட் ஆட்டமே ஆடலாம், அவ்வளவு மணல். மாப்பிள்ளை வீட்டாருக்குப் பந்தல் போட்டதே அந்த மணலில்தான். என் சித்தப்பா சாம்பாரில் உப்பு பத்தவில்லை என்று சண்டை போட்ட இடத்தில் சில வருஷத்தில் அலை அடித்தது. முதலில் தென்னை நாலும் போயின. அப்புறம் குளிக்கிற தட்டி. அப்புறம் ஒரு ஐப்பசியில் சமையல்கட்டுச் சுவர் போனது. மாமா அசரவில்லை, அடுப்பை முன்பக்கம் கொண்டுவந்து வைத்துக்கொண்டார். கடலும் அவரும் அண்ணன் தம்பி மாதிரி பாகம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவருக்குத்தான் பாகம் குறைந்துகொண்டே வந்தது. மாமியார் அதையெல்லாம் பார்க்காமல் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார், புண்ணியவதி.

கடைசியில் ஒரு புயல் வந்தது. ஊரையே பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். காற்று அடங்கித் திரும்பிப் போனால் முன்வரிசை வீடுகளே இல்லை. அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் சென்னைக்கும் பாண்டிக்கும் சொந்தக்காரர்களைத் தேடிப் போனார்கள். நான் போய் மாமாவைக் கூப்பிட்டேன். ரெண்டு நாள் இருந்துவிட்டு வருவதாகச் சொல்லி ஒரு மஞ்சள் பையோடு வந்தார்.

பெண் கொடுத்த வீட்டில் கை நனைக்கவே யோசிக்கிற வம்சம் அது. மகள் வீட்டில் நிரந்தரமாக உட்கார்ந்து சாப்பிடுவதைவிட அவருக்குப் பட்டினி மேல். மூன்றாம் நாள் காலையில் குளித்து, சட்டை மாட்டி, பையை எடுத்துக்கொண்டு, "அப்ப நான் கெளம்புறேன் மாப்ள. ரெண்டு நாள் இருந்தது ரொம்ப சந்தோஷம்" என்றார். பஸ் ஏறிப் போனார். கரைவலை இழுக்கிறவர்களோடு சேர்ந்து இழுத்தார், ஏலம் போடுகிற இடத்தில் உட்கார்ந்து வலை தைத்தார். பொழுது சாய்ந்ததும் படுக்க இடமில்லை. மறுபடி பஸ் ஏறித் திண்டிவனத்துக்கு வந்தார். விருந்தாளியாக. மறுநாள் காலையில் மறுபடி ரெண்டு நாள் இருந்ததற்குச் சந்தோஷம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். இப்படியே வருஷங்கள் ஓடின. தினமும் வந்து உட்கார்ந்ததும் "வூட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று வேறு கேட்பார். காலையில் பார்த்த அதே முகங்கள்தான் நாங்கள்!

விருந்தாளி வெறுங்கையோடு வரலாமா? ஒரு சீப்பு பூவன்பழம், மகளுக்கு ஒரு முழம் பூ, பேத்திக்கு ஒரு பொட்டலம் மிக்சர். தினமும். வாழைப்பழம் தின்று தின்று எங்களுக்கு வாழைப்பழம் என்ற சொல்லே வெறுத்துப்போனது. வீட்டுக்கார அம்மாவின் ஆடு எங்கள் பழத்தோலிலேயே கொழுத்தது. என் மகள் பள்ளிக்கூடத்தில் கடை விரிக்காத குறை. வேண்டாம் மாமா, காசு வீண் என்று பக்குவமாக எடுத்துச் சொன்னேன். வெறுங்கையோடு வந்தால் தெருவில் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று கேட்டார். அந்த நாலு பேருக்கும் பழம் கொடுத்துக்கொண்டிருந்ததே நாங்கள்தான்.

ஒருநாள் நல்ல மழை. நான் மிக்சி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தேன். சீக்கிரம் அடைத்துவிட்டு ஓடி வருகிறேன், வாசலில் மாமா தொப்பலாக நனைந்து நிற்கிறார். கதவு விரியத் திறந்து கிடக்கிறது. உள்ளே என் மனைவி மாவாட்டிக்கொண்டிருக்கிறாள். நானே மோட்டாருக்குக் காயில் சுற்றிக் கொடுத்த கிரைண்டர், தெருவையே தூக்குகிற சத்தம். அதில் இவர் இருமியது அவளுக்குக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டார் உள்ளே போகச் சொல்லியும் பெரிய மனிதர் அசையவில்லையாம். எனக்கு வந்ததே ஒரு கோபம்! மாமனாரைத் திட்ட முடியுமா? கிரைண்டரைத் திட்டினேன், அதைச் செய்தவனைத் திட்டினேன், மழையைத் திட்டினேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. "வாங்க மாமா" என்றேன். வந்தார்.

விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். பருவநிலை மாற்றத்தால் இடம்பெயர்ந்த மக்களைப் பாதுகாப்பது எப்படி என்று மேடைக்குப் பின்னால் பெரிய எழுத்தில் துணி கட்டியிருந்தது. வீடு போனவர்கள் வரலாம் என்றார்கள், நான் அவரை அழைத்துக்கொண்டு போனேன். உலகம் சூடாகிறது, எங்கேயோ பனி உருகுகிறது, கடல் ஏறுகிறது, புயல் முன்னைவிட மூர்க்கமாக வருகிறது என்று ஒருவர் படம் போட்டுக் காட்டினார். மாமா கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். அங்கே கொடுத்த சாப்பாட்டுப் பொட்டலத்தில் ஒன்றைப் பேத்திக்குப் பத்திரம் செய்துகொண்டார். திரும்பும்போது பஸ் முண்டியம்பாக்கம் தாண்டியதும், பாவம் அந்த ஜனங்கள் இப்போது எங்கே இருக்கிறார்களாம், சோறு தண்ணி கிடைக்கிறதா என்று உருகிப்போய்க் கேட்டார். அது நீங்கள்தான் மாமா என்றேன். அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"நான் இன்னா எடம் மாறினேன்? நான் அங்கியேதான் இருந்தேன். எடந்தான் என்ன வுட்டுட்டுப் பூடுச்சி."

கூட்டேரிப்பட்டு வரை என்னோடு பேசவில்லை.

கொஞ்ச காலத்தில், கடலோரச் சாலைக்கு மேற்கே மேடான நிலத்தில் வீடு போனவர்களுக்குச் சர்க்கார் வீடு கட்டிக் கொடுக்கப்போகிறது என்று சேதி வந்தது. மாமா ஆளே மாறிவிட்டார். தினமும் அந்தப் பொட்டலைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வார். கடல் தெரியாது, ஆனால் கிழக்கே வாசல் வைத்தால் காற்று வருமாம். ஒரு சின்னத் திண்ணை கட்டி மாப்பிள்ளை உட்கார இடம் பண்ண வேண்டுமாம். எனக்கு ஒழுங்காக ஒரு விருந்து போடவில்லை என்ற குறை அவருக்கு இருந்தது. மகள் நாலு நாள் அப்பன் வீட்டில் வந்து தங்க வேண்டும், தான் அவளைப் பையோடு வழியனுப்ப வேண்டும். யாரையாவது அவர் வாங்க என்று கூப்பிட அவருக்கென்று ஒரு வாசல். அதுதான் அவருடைய ஆசையெல்லாம். அவர் அதைச் சொல்லச் சொல்ல எனக்கும் ஆசை வந்துவிட்டது.

அதிலும் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். வேறு போக்கிடம் இல்லாதவர்களுக்குத்தான் வீடு. கடல் வீட்டைத் தின்றது மட்டும் பத்தாது, சொந்த ஜனமும் கைவிட்டிருக்க வேண்டும், அப்போதுதான் சர்க்கார் கை கொடுக்கும். எந்தப் புண்ணியவான் யோசித்து எழுதினானோ! யாரோ போய், அவர் திண்டிவனத்தில் மருமகன் வீட்டில் மகராசனாக இருக்கிறார் என்று வத்தி வைத்துவிட்டார்கள். விசாரணைக்கு ஆள் வரப்போவதாகத் தகவல் வந்தது.

நாங்கள் பயப்படவில்லை. தெருவே எங்களுக்குச் சாட்சி. மாமா எங்கள் வீட்டில் இல்லை, வந்து போகிறவர். அதைத்தானே இத்தனை வருஷமாக அவரே சொல்லிக்கொண்டிருக்கிறார்? மனைவியிடம் மட்டும், நீ சமையல்கட்டைவிட்டு வெளியே வராதே என்று சொல்லி வைத்தேன்.

வந்தவர் என்னைவிடச் சின்னவர். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். நல்ல மாதிரிதான். எதிரே பாயில் மாமா, துவைத்துத் தேய்த்த சட்டையோடு. வந்தவர் வாசலில் நின்ற வீட்டுக்கார அம்மாவிடம், பெரியவர் இங்கேதான் இருக்கிறாரா என்று கேட்டார்.

"இல்ல சார். வருவாரு, போவாரு."

"எப்பயாவது வருவாரா?"

"தெனம் வருவாரு. அஞ்சாறு வருஷமா வந்துக்கினுதான் இருக்காரு."

"அப்ப இங்கதானம்மா இருக்காரு?"

"அதான் சொல்றேனே சார், இருக்கல. வந்துக்கினு இருக்காரு."

அந்த மனிதர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒப்பித்தேன். ஒரே அறை, எங்களுக்கே போதாது, அவரை வைத்துக்கொள்ள எங்களால் முடியாது. என் மாமனாரை எதிரே உட்காரவைத்துக்கொண்டு இதைச் சொன்னேன். வாய் கசந்தது. மாமாவோ பரீட்சையில் பையன் நன்றாகப் பதில் சொல்கிற மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தார்.

வந்தவர் பேனாவை எடுத்தார். எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுகிற பழக்கம் போலிருக்கிறது. போக்கிடம் இல்லை, கவனிக்க ஆளில்லை, ஆதரவற்ற முதியவர் என்று சொல்லி நிறுத்தினார்.

சமையல்கட்டிலிருந்து என் மனைவி கரண்டியோடு வந்தாள்.

"யாரு ஆதரவத்தவரு? நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன், தெரியலையா? இது எங்க நைனா வூடு. இங்கதான் இருக்காரு, இங்கதான் இருப்பாரு. நல்லா எழுதிக்கோ."

போச்சு. நான் கண்ணைக் காட்டினேன், கையைக் காட்டினேன். அவள் பார்க்கவே இல்லை. அந்த மனிதர் பேனாவை மூடினார். அம்மா, நீங்கள் இப்படிச் சொன்னதை எழுதினால் அவருக்கு வீடு கிடைக்காது, நான் காதில் வாங்காதது போல விட்டுவிடுகிறேன் என்றார். உண்மையிலேயே அவர் நல்லவர். பிறகு மாமாவிடம் குனிந்து, "பெரியவரே, நீங்களே சொல்லுங்க. எத எழுதட்டும்?" என்றார்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும், கிழக்கு பார்த்த வாசல் அவருக்கு. சொல்லிவிடுங்கள் மாமா, அவள் ஏதோ கோபத்தில் உளறுகிறாள் என்று சொல்லிவிடுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன். மாமா மகளைப் பார்த்தார். அவள் கரண்டியை இறக்காமல் நின்றாள், கண்ணீர் மூக்குவரைக்கும் வந்திருந்தது, துடைக்கவில்லை.

"எம் பொண்ண பொய்க்காரி ஆக்காதீங்க சார். அவ சொன்னதே எழுதிக்கோங்க."

எழுதினார். மாமாவைக் கும்பிட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மனைவி அடுப்படிக்குப் போனாள். எனக்கு அழுகை வந்தது, வீட்டுக்கார அம்மாவிடம் வள்ளென்று விழுந்து அதை மறைத்தேன். மாமா பாயிலிருந்து எழுந்து சட்டையைக் கழற்றி, ஆணியில் என் சட்டைமேல் மாட்டினார். ராத்திரி படுக்கும்போதுகூட விருந்தாளி சட்டையைக் கழற்றியதில்லை. கல்யாணமானதிலிருந்து அவரைச் சட்டையில்லாமல் நான் பார்த்தது அன்றுதான். தோளில் வலைக்கயிறு அறுத்த பழைய தழும்பு ஒன்று நீளமாக இருந்தது. இத்தனை வருஷமாக எனக்கு அது தெரியாது.