டீக்கடையில் நான் சொன்ன பதில்

புள்ளைங்களா, நேத்து பெரியவள் காலேஜுக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தாள். "அப்பா, அம்மா இன்னா வேலைன்னு கேட்டிருக்கு. இல்லத்தரசின்னு போட்டுடட்டா?" என்றாள். நான் வண்டியைத் துடைக்கிற மாதிரி எழுந்து போய்விட்டேன். ஏன் போனேன் என்பதைத்தான் எழுதுகிறேன். எட்டாவது வரைக்கும் படித்தவன் எழுதுகிறேன், தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்க அம்மா கள்ளக்குறிச்சியில் காலேஜ் சேர்ந்து ஒரு வருஷம் படித்தவள். கல்யாணம் ஆச்சு, நீங்க பிறந்தீங்க, படிப்பு நின்னுபோச்சு. கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றி வந்து ஜவ்வரிசி மில்லில் இறக்குவது என் பொழப்பு. அவளும் மில்லில் கிழங்குக்குத் தோல் சீவப் போனாள். ஆனால் நான் இறக்குகிற மில்லுக்கு வரக்கூடாது, வேறு மில்லுக்குப் போ என்று நான்தான் சொன்னேன். என் கூட்டாளிகள் பார்த்தால் எனக்குக் கௌரவக் குறைச்சலாம்.

சின்னவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம், வேலைக்குப் போகிற அம்மாக்கள் விட்ட படிப்பைத் தொடர ஒரு டிரஸ்ட் உதவித்தொகை கொடுப்பதாகக் கேள்விப்பட்டு வந்தாள். அவள் வேலை செய்த மில்லில் மேஸ்திரியாக இருந்த அக்காதான் இவள் இங்கே வேலை செய்கிறாள் என்று கடிதம் வாங்கிக் கொடுத்தார். "டிகிரி வாங்கிக்கினு வந்து எங்களையே வெரட்டப் போற நீ" என்று கிண்டல் பண்ணினாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். வேலை நேரத்தில் கையெல்லாம் கிழங்குப் பாலாக இருக்கும், போன் எடுக்க முடியாது என்று விண்ணப்பத்தில் என் நம்பரைப் போட்டாள்.

போன் வந்தபோது நான் கச்சிராயபாளையம் டீக்கடையில் நாலு டிரைவர்களோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு அம்மா பேசினாங்க. "உங்க மனைவி காலேஜ் விஷயமா பேசறோம். அவங்க எங்க வேலைக்குப் போறாங்க சார்?"

எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள்.

"வேலைக்கா? எங்க வூட்டுப் பொம்பளைங்க வேலைக்குலாம் போறதில்லீங்க. அப்புறம் நான் இன்னாத்துக்கு இருக்கேன்?"

"நிச்சயமாங்களா?"

"ஆமாங்க."

"கரெக்டா சொன்ன மாமா" என்று ஒருவன் முதுகில் தட்டினான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. வேலைக்குப் போனால்தான் அந்த உதவி என்று அவள் சொன்னபோது நான் காது கொடுத்துக் கேட்டிருக்கவில்லை.

பதினைந்து நாளில் கடிதம் வந்தது. வேலைக்குப் போகாதவர் என்று தெரிய வந்ததால் தர முடியாது என்று இருந்தது. அவள் ரெண்டு தடவை படித்தாள். எனக்கு அப்போதுதான் புரிந்தது. சொல்லியிருக்கலாம். லோடு இருக்கிறது என்று வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

எனக்குப் போன் வந்தது அவளுக்குத் தெரியாது. மில்லில்தான் விசாரித்திருப்பார்கள் என்று நினைத்து, மறுநாள் அங்கே எல்லார் முன்னாலும் அந்த மேஸ்திரி அக்காவைக் கேட்டுவிட்டாள். "கடிதாசியும் குடுத்துட்டு, பின்னாடியே இல்லன்னும் சொன்னியாக்கா?" அந்த அக்கா தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினாராம். இவள் நம்பவில்லை. அன்றோடு அந்த மில்லை விட்டாள். இன்றைக்கு வரைக்கும் அந்த அக்காவோடு பேச்சில்லை.

போன் வந்த நம்பர் என்னிடமே இருந்தது. ரெண்டு தடவை எடுத்தேன், கூப்பிடாமல் வைத்துவிட்டேன். இப்போது கூப்பிட்டால் யாரும் எடுப்பதில்லை. அவளும் அதற்குப் பிறகு காலேஜ் பேச்சை எடுக்கவில்லை. ரெண்டு பஸ் மாறி வேறு மில்லுக்குப் போய் இன்னமும் கிழங்கு சீவுகிறாள்.

பெரியவளே, விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தில் ஜவ்வரிசி மில்லில் கிழங்கு தோல் சீவும் வேலை என்று எழுது. ஆனால் இந்தத் தாளை உங்களுக்கு முன்னால் உங்க அம்மா படிக்கணும். அந்த அக்காவிடமும் நான் போய் நிற்கணும். படித்த பிறகு உங்க அம்மா என்னோடு பேசுவாளோ மாட்டாளோ, தெரியவில்லை. ஆறரை பஸ்ஸில் இறங்குவாள். நான் ரோட்டுக்குப் போகிறேன்.