கழற்றி வைத்த கால்

கால்காரர் என்றால்தான் ஆஸ்பத்திரியில் அவரைத் தெரியும். பின்பக்கப் பட்டறையில் செயற்கைக் கால் செய்கிறவர். அளவு கொடுக்க வந்த பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டார். "எல்லாரும் பொண்ணு தேடி அலைவாங்க, இவருக்குப் பொண்ணே தேடி வந்துச்சு" என்று பட்டறையில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

அவள் ஒரு சாயங்காலம் நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தாள். டாக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது. வீடே அழுதுகொண்டிருக்க, கால்காரர் குனிந்து அவள் செயற்கைக் காலின் வாரை அவிழ்த்து, காலைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தார். அவள் படுத்ததும் வார் தோலை அழுத்தக் கூடாது என்று தினமும் செய்கிற வேலை. கை தன்பாட்டில் செய்துவிட்டது. அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு கொழுந்தியாள்தான் அந்தக் காலை முதலில் பார்த்தாள்.

"அத்தான்! ஊருக்கெல்லாம் கால் குடுக்கற மனுஷன், எங்க அக்காவை ஒத்தக் காலோட அனுப்பிட்டீங்களே!"

அழுகைக்கு நடுவில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. போதகரிடம் போய் நின்றார்.

"அண்ணே, பரலோகத்துல அந்தக் கால் எதுக்கு? கர்த்தர் புது சரீரம் குடுப்பார். ஒரு குறையும் இருக்காது" என்றார் போதகர்.

கால்காரர் அதை நம்பினார். நம்பியதால்தான் அடுத்த கவலை பிடித்துக்கொண்டது. அவளை அவர் அறிந்தது காதால். தெருமுனையில் வரும்போதே அந்த நடை கேட்கும். இவர் எழுந்து போய்த் தாழ்ப்பாளை எடுப்பார். பரலோகத்தில் எண்ண முடியாத கூட்டமாம். எல்லாருக்கும் குறையில்லாத கால். எல்லாருடைய நடையும் ஒன்றுபோல இருந்தால் எங்கே போய்த் தேடுவது?

"முகம் தெரியாதாப்பா?" என்றாள் அதைக் கேட்ட மகள்.

"எந்த வயசு முகம்மா?"



அந்தச் சமயத்தில்தான் ஒரு காலை இழந்த, ரொட்டிக்கடையில் வேலை செய்யும் பெண் ஒருத்தி பட்டறைக்கு வந்தாள். நாள் முழுக்க நின்று செய்கிற வேலை. காலின் மேல்கிண்ணத்தை அவரவர் தொடைக்கு வார்த்துவிடலாம். முட்டிதான் கையிருப்பில் இல்லை.

"அம்மாவோடது சும்மாதானேப்பா இருக்கு?" என்றாள் மகள், அன்றிரவு வீட்டில்.

"சும்மா இல்ல" என்று எரிந்து விழுந்தார்.

ஆனால் மறுநாள் அவரே அதைத் துணியில் சுற்றி எடுத்துப் போனார். நல்ல மனசு என்று பட்டறையில் பேசிக்கொண்டார்கள். மனசு இருந்தது, பொய்யில்லை. அதைவிட ஆசை பெரிதாக இருந்தது. அதே முட்டி, அதே குழாய், அதே பாதம். யார் நடந்தால் என்ன, இன்னொரு தடவை அந்த நடையைக் கேட்டுவிடலாம்.

ரொட்டிக்கடைப் பெண் நடை பழகும் பிடிகம்பிகளுக்கு நடுவே நின்றாள். கால்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"நடம்மா."

முட்டி 'டக்' என்றது. அவருக்கு உடம்பு சிலிர்த்தது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் வேறு. இந்தப் பெண் பாதத்தை அழுத்தி ஊன்றினாள், மாவைப் பிசைகிற மாதிரி. அவர் மனைவி மெல்ல வைப்பாள்; வைத்ததும் ஏதோ சொல்ல வந்தவள்போல அரை மூச்சு நின்றுதான் அடுத்த அடி எடுப்பாள். அந்த நிற்றல் எங்கே?

திருகாணியை இறுக்கினார், தளர்த்தினார். மறுபடி நடக்கச் சொன்னார். வரவில்லை.

"என்னண்ணே, கால் சரியில்லயா?" அவள் பயந்துவிட்டாள்.

"காலெல்லாம் சரியாத்தான் இருக்கு. நீ நல்லா நடக்கற. வெளிய போய் நட, போ."

சாயங்காலம் மகள் வாசலிலேயே காத்திருந்தாள்.

"அம்மா நடை கேட்டுச்சாப்பா?"

"இல்லம்மா. அது கால்ல இல்ல, அவகிட்ட இருந்திருக்கு. போகும்போது கூடவே கொண்டு போயிருக்கா."

"அப்ப அங்க கண்டுபிடிச்சிருவீங்க."

"புதுக் கால் குடுத்தா என்ன, பத்துக் கால் குடுத்தா என்ன. அவ அப்படித்தான் நடப்பா."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். கால்காரர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். தேட வேண்டுமே என்ற பயம் போய்விட்டது. இனி அவளிடம் போகும் நாளுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். அது இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.