குளிர் தாங்கும்

புடாபெஸ்ட் விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வர எந்தப் பேருந்தில் ஏற வேண்டும், டிக்கெட்டை ஏறியதும் எங்கே முத்திரை குத்திக்கொள்ள வேண்டும், ஞாயிற்றுக்கிழமை எந்தச் சந்தை மூடியிருக்கும் என்பதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் நான் அந்த ஊருக்குப் போனதில்லை. எந்த ஊருக்கும் போனதில்லை. அந்தப் பக்கம் கிருஷ்ணகிரி, இந்தப் பக்கம் மைசூர், ஒருமுறை திருப்பதி. என் உலகப் பயணம் அதோடு முடிந்தது.

விசா விண்ணப்பம் நிரப்புவது என் வேலை. பெங்களூர் சிவாஜி நகர்ப் பக்கம் ஒரு மாடியறை அலுவலகம், மூன்று மேஜை, ஒரு முதலாளி. விண்ணப்பத்தோடு நாள்வாரியாக ஒரு பயணத் திட்டமும் வைக்க வேண்டும். போகிறவருக்கே அது தெரியாது, நான்தான் எழுதுவேன். முதல் நாள் கோட்டை, இரண்டாம் நாள் படகு, மூன்றாம் நாள் அருங்காட்சியகம். பதினொரு வருடமாக யார் யாரோ காலையில் எங்கே எழுந்து என்ன பார்ப்பார்கள் என்று முடிவு செய்துகொண்டிருக்கிறேன். ஹோட்டல் முன்பதிவும் காட்ட வேண்டும். அதற்கு, கடைசி நாள்வரை ரத்து செய்ய விடுகிற ஹோட்டலாகப் பார்த்துப் போடுவோம். புடாபெஸ்டுக்கு அப்படி ஒரு ஹோட்டல் எங்களிடம் உண்டு. அதன் பெயரைக் கண்ணை மூடிக்கொண்டு தட்டச்சு செய்வேன். விசா வந்ததும் முன்பதிவை ரத்து செய்துவிடுவோம். எங்கள் வாடிக்கையாளர் ஒருவர்கூட அங்கே தங்கியதாக எனக்குத் தெரியாது.

பெங்களூரில் இருக்கும் தமிழ்ப் பயணிகளுக்கென்று இணையத்தில் ஒரு குழு இருந்தது. ஆள் பிடிக்கலாம் என்றுதான் அதில் சேர்ந்தேன், உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் யாரோ புடாபெஸ்ட் பற்றிக் கேட்டார்கள். பேருந்து, டிக்கெட், சந்தை எல்லாவற்றையும் எழுதினேன். உடனே அடுத்த கேள்வி வந்தது: "நீங்க எப்ப போனீங்க? குளிர் எப்படி?" நான் போகவில்லை என்று எழுதியிருந்தால் அதோடு போயிருக்கும். நான் எழுதியது, "அக்டோபர்ல போனேன். குளிர் தாங்கும்." அதற்கு வரிசையாக இதயக்குறிகள் விழுந்தன. தவளை தன் வாயால் கெடும், நான் விரலால் கெட்டேன்.

அதன் பிறகு நான்கு வருடம் நிற்கவில்லை, என் வேலை என்ன என்பதை மட்டும் எழுதவில்லை. அந்த ஹோட்டலின் பால்கனியில் நின்றால் காலையில் ஆறு தெரியும் என்று எழுதினேன். விளம்பரப் படத்தில் தெரிந்தது, எழுதினேன். மாதத்துக்கு நாலைந்து பேராவது என்னிடம் வழி கேட்டார்கள். வெற்று பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு, "முதல்ல ஸ்ரீலங்கா, தாய்லாந்து போய்ட்டு வாங்க, ஸ்டாம்ப் இருந்தா ஐரோப்பா விசா ஈஸி" என்று யோசனை சொன்னேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் சுரைக்காயில் எத்தனையோ பேர் வயிறாரச் சாப்பிட்டார்கள். என்னால் யாரும் ரயிலைத் தவறவிட்டதில்லை. இதை இப்போதும் மார்தட்டிச் சொல்வேன்.

போன வருடம் குழுவின் அட்மின் எனக்குத் தனியாக எழுதினார். திருச்சிக்காரர், ஐடி வேலை, இருபது நாடு பார்த்தவர். டிசம்பரில் எட்டுப் பேராக புடாபெஸ்ட் போகிறோம், எட்டாவது ஆள் நீங்கள், வழிகாட்ட ஆள் வேண்டாமா என்று கேட்டிருந்தார். அன்று அலுவலகத்தில் ஒரே படிவத்தை மூன்று முறை தப்பாக நிரப்பினேன்.

நான் போட்ட கணக்கு சின்னதுதான். இவர்களோடு ஒருமுறை போய் வந்துவிட்டால் நான்கு வருடப் பொய்யும் உண்மையாகிவிடும். ஆற்றைப் பார்த்தவன் முதல் முறை பார்த்தானா இரண்டாம் முறை பார்த்தானா என்று யார் கேட்கப் போகிறார்கள்? சீட்டுப் பணம் அந்த மாதம்தான் கைக்கு வந்திருந்தது. பதினொரு வருடத்தில் முதல் முறையாக நீண்ட விடுப்பு கேட்டேன். முதலாளி கன்னடத்தில் "நீவூ ஹோக்தீரா?" என்று சிரித்தார். நீங்களுமா போகிறீர்கள் என்ற அந்தச் சிரிப்பைக்கூட அன்றைக்குப் பொறுத்துக்கொண்டேன். மனைவி கமர்ஷியல் தெருவுக்குப் போய்க் கனமான ஒரு ஸ்வெட்டர் வாங்கி வந்தாள்.

புறப்படுவதற்கு முன் ஒரு சந்திப்பு என்று அறிவிப்பு வந்தது. நவம்பரில் ஒரு சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு, இந்திரா நகரில் ஒரு மாடி உணவகத்தில். கீழே "பாஸ்போர்ட் கட்டாயம்" என்று இருந்தது. டிக்கெட் போட நகல் எடுப்பார்கள் என்று நினைத்தேன். என் தொழில் புத்தி அப்படித்தான் போகும்.

ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டிலிருந்து அந்த இடம் கால் மணி நேர நடை. புது ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

"இன்னா, பாஸ்போர்ட்லாம் எடுத்துகினு இந்திரா நகருக்குப் போறவரு ஊர்லயே நீங்க ஒர்த்தர்தான்" என்றாள் மனைவி.

"பேசாம இரு. ஜனவரில வந்து சொல்றேன்."

உணவகத்தில் என்னைப் பார்த்ததும் அட்மின் எழுந்து வந்து கட்டிக்கொண்டார். "வாங்க வாங்க, நம்ம குரூப்போட மூளையே வந்தாச்சு." இத்தனை வருடம் இந்தத் தெருக்களில் நடந்திருக்கிறேன், அந்த மாடிப்படி ஏறியது அன்றைக்குத்தான். பயணம் போகிறவர்கள் ஏழு பேரும் வந்திருந்தார்கள். ஹெப்பகோடியில் தொழிற்சாலை வேலை பார்க்கிற தருமபுரிக்காரரும் அவர் மனைவியும் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் கோயம்புத்தூர்ப் பெண் ஒருவர். அவர் அதற்கு முந்தின வருடம் புடாபெஸ்ட் தனியாகப் போய் வந்தவர், போகும் முன் என்னிடம் பக்கம் பக்கமாக விசாரித்தவர். மற்ற மூவரும் அட்மினின் அலுவலக நண்பர்கள். முக்கால் மணி நேரம் நான்தான் பேசினேன். எந்தப் பாலத்தில் நின்று படம் எடுக்க வேண்டும், எந்த இடத்தில் கூட்டம் சேரும் என்று சொல்லச் சொல்ல ஹெப்பகோடிப் பெண் கைபேசியில் குறித்துக்கொண்டார். அவ்வளவு சந்தோஷமாக நான் எப்போதும் இருந்ததில்லை. அதை மறைப்பதில் அர்த்தமில்லை.

அப்போது அட்மின் ஒரு துணிப்பையை எடுத்து மேஜைமேல் வைத்தார். "ரூல் தெரியும்ல? எல்லாரும் பாஸ்போர்ட்டை உள்ள போடுங்க."

ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் அவர்கள் செய்கிற வழக்கமாம் அது. பையிலிருந்து ஒரு பாஸ்போர்ட்டை எடுப்பார்கள். ஏதாவது ஒரு பக்கத்தைத் திறப்பார்கள். அதில் எந்த ஊர் முத்திரை இருக்கிறதோ அந்த ஊரில் நடந்த ஒரு கதையை, குழுவில் இதுவரை எழுதாத கதையை, உரியவர் சொல்ல வேண்டும்.

"நான் வீட்லயே வெச்சுட்டு வந்துட்டேன்" என்றேன்.

"அண்ணா, உங்க சட்டைப் பையிலயே தெரியுதே" என்றார் ஹெப்பகோடிக்காரர், உதவி செய்கிற குரலில்.

போட்டேன். வேறென்ன செய்வது? முதலில் ஹெப்பகோடிக்காரருடையது வந்தது. மலேசியாவில் மனைவியைத் தொலைத்துவிட்டுக் கண்டுபிடித்த கதையைச் சொன்னார். அடுத்து அட்மினுடையது. மூன்றாவதாக வந்ததை வெளியே எடுக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. என்னுடையதன் அட்டை மட்டும்தான் பளபளவென்று இருந்தது.

அட்மின் ஒரு பக்கத்தைத் திறந்தார். அடுத்த பக்கத்தைப் புரட்டினார். பிறகு கட்டைவிரலால் மொத்தத்தையும் ஓட விட்டார்.

"புதுப் பாஸ்போர்ட்டுங்களா? பழசுல பக்கம் தீந்திருக்கும்" என்றார் கோயம்புத்தூர்ப் பெண்.

நான் அதைப் பிடித்துக்கொண்டேன். "ஆமா. பழசுல இடமே இல்ல. அதான் புதுசு."

"பக்கமே தீந்துடுச்சா!" என்று ஹெப்பகோடிப் பெண் கணவரைப் பார்த்தார். அந்த ஒரு நிமிடம் எல்லார் கண்ணிலும் நான் உயர்ந்து நின்றேன்.

இங்கேதான் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும். பாஸ்போர்ட் புதுப்பித்தால் பழையதன் எண் புதியதன் கடைசிப் பக்கத்தில் அச்சாகி வரும். அலுவலகத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்ததும் நான் முதலில் திருப்புவது அந்தப் பக்கத்தைத்தான். அதைப் பார்க்காமல் ஒரு கோப்பையும் நான் அனுப்பியதில்லை. உலகத்தில் யார் மறந்தாலும் நான் மறக்கக் கூடாத பக்கம் அது. அட்மின் சந்தேகப்பட்டுக்கூடத் திருப்பவில்லை, கைப்பழக்கத்தில் திருப்பினார். பார்த்தார். "பழைய நம்பர் இங்க வரணுமே..." என்று தனக்குள் சொல்வதுபோல் ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். பாஸ்போர்ட்டை மூடி என் தட்டுக்குப் பக்கத்தில் மெதுவாக வைத்தார்.

"சரி, அடுத்தது எடுப்போம்."

அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஹெப்பகோடிப் பெண் வெள்ளந்தி. நேராகக் கேட்டார். "அண்ணா, அப்ப நீங்க எங்கயுமே போனதில்லியா?"

"இல்லம்மா. நான் விசா ஃபார்ம் ஃபில் பண்றவன்."

நண்பர்களில் ஒருவர் தண்ணீர் குடிப்பதுபோல் தம்ளருக்குள் சிரித்தார். அட்மின் முகம் மட்டும் சட்டென்று மாறியது. கோபத்தால் அல்ல. நான் எதற்குப் பயன்படுவேன் என்று கண்டுபிடித்துவிட்ட மகிழ்ச்சி அது.

"அடடா, இதை முன்னாடியே சொல்லிருக்கலாமே சார். விசாவுக்கு வெளியில ஆள் தேடி அலைஞ்சிட்டு இருக்கோம். நம்ம ஏழு பேர் ஃபைலையும் நீங்களே பாத்துக்கங்களேன்."

ஏழு பேர். வரும்போது எட்டாக இருந்தோம். யாரும் என்னை நீக்கவில்லை, யாரும் போகாதே என்று சொல்லவில்லை. அந்த ஒரு எண் போதுமானதாக இருந்தது. நானும் ஏன் ஏழு என்று கேட்கவில்லை. "பாத்துக்கறேன் சார்" என்றேன். மாலையெல்லாம் பெயர் சொல்லிப் பேசிய மனிதனை நான் சார் என்று கூப்பிட்டது அப்போதுதான். மேஜைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் யார் யார் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துவிட்டது.

கிளம்பும்போது அட்மின் தோளில் கைபோட்டு ஆறுதல் சொன்னார். "மனசுல வெச்சுக்காதீங்க. முதல்ல ஸ்ரீலங்கா, தாய்லாந்து போய்ட்டு வாங்க. ஸ்டாம்ப் இருந்தா ஐரோப்பா ஈஸி."

அது என் வாக்கியம். அவருக்கு அது நினைவில்லை.

படியில் கோயம்புத்தூர்ப் பெண் பின்னாலேயே வந்தார். "நான் உங்க ஹோட்டல்லதாங்க தங்குனேன், போன வருசம்" என்றார். "பால்கனி எல்லாம் இல்லீங்க. சன்னலத் தொறந்தா எதிர்த்த சுவருதான். ஆத்துக்குப் போக அரை மணி நேரம் ஆகும். அப்பவே எனக்குத் தெரியுங்க."

"தெரிஞ்சும் ஏன் குரூப்ல சொல்லல?"

"நீங்க எழுதுனதப் படிச்சுட்டுத்தாங்க தனியாப் போற தைரியமே வந்துச்சு. அதப் போய் எப்படிங்க சொல்றது?"

நன்றி சொல்லியிருக்க வேண்டும். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இவர் வாய் திறக்காமல் இருந்திருந்தால் ஒரு பொய்யோடு போயிருக்கும். கை கொடுக்கிறேன் என்று வந்து என்னை இரண்டாவது பொய்யில் தள்ளியவர் இவர்தான் என்று நினைத்தேன். அது அநியாயம் என்று அப்போதே தெரியும். இருந்தும் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கி நடந்தேன். மெட்ரோ தூண்களுக்குக் கீழே ஸ்வெட்டர் வியர்த்துக் கசகசத்தது. பெங்களூர் குளிருக்கு அது அதிகம்.

திங்கட்கிழமை அட்மின் ஏழு பேரின் காகிதங்களோடு அலுவலகத்துக்கு வந்தார். முதலாளிக்குப் பரம சந்தோஷம், ஒரே நாளில் ஏழு கோப்பு. நான் நிரப்பினேன். உடன் பயணிப்பவர்கள் என்ற இடத்தில் ஒவ்வொருவருக்கும் மற்ற ஆறு பேரின் பெயரை எழுதினேன். அதே ஹோட்டலைப் போட்டேன். ஏழு பேருக்கும் விசா வந்தது. என் கோப்பு என்றால் அது சும்மாவா? விடுப்பு வேண்டாம் என்று முதலாளியிடம் சொன்னபோது அவர் காரணம் கேட்கவில்லை.

மனைவியும் அதிகம் கேட்கவில்லை. ஸ்வெட்டரைத் துவைத்து மடித்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். "அங்க ரொம்பக் குளிராம், நல்லதாப் போச்சு" என்றாள்.

டிசம்பரில் ஒரு மாலை அலுவலகத்தை மூடும் நேரம். கோயம்புத்தூர்ப் பெண்ணிடமிருந்து செய்தி வந்தது. கூட்டத்தில் மற்றவர்களைத் தவறவிட்டுவிட்டாராம், பாலத்தின் முனையில் நிற்கிறாராம், சந்தைக்குப் போகிற டிராம் எந்தப் பக்கம் என்று தெரியவில்லையாம். போன முறை போனவர்தான், ஆனாலும் என்னைத்தான் கேட்டார். கூடவே ஒரு படம். சாம்பல் நிற ஆறு, அதன்மேல் புகைபோல ஏதோ ஒன்று.

எனக்கு வரைபடம் தேவைப்படவில்லை. "இடது பக்கம் படி இறங்குங்க. மஞ்சள் டிராம். மூணாவது நிறுத்தம்" என்று எழுதினேன். கொஞ்ச நேரத்தில் "சேந்துட்டனுங்க, ரொம்ப நன்றிங்க" என்று பதில் வந்தது.

அவரிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும்போல் இருந்தது. தட்டச்சு செய்யவும் ஆரம்பித்தேன். குளிர் எப்படி இருக்கிறது என்று. நான்கு வருடமாக ஊருக்கெல்லாம் அது தாங்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான். எந்த முகத்தோடு கேட்பது? அழித்துவிட்டு, விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டினேன்.