ஏழாவது பெயர்

தக்கலையில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் முப்பத்திரண்டு வருஷமாகப் பாக்டீரியாவுக்குச் சாயம் ஏற்றுகிறாள் ராகேல். முதலில் ஊதா, அப்புறம் அயோடின், ஸ்பிரிட், கடைசியில் சிவப்பு. தடித்த சுவர் உள்ள கிருமி ஸ்பிரிட்டுக்கு மசியாமல் ஊதாவைப் பிடித்துக்கொள்ளும். மெல்லிய சுவர்க்காரன் அதை விட்டுவிட்டு இளஞ்சிவப்பாவான். அதை வைத்துத்தான் டாக்டர் முதல் மருந்தை முடிவு செய்வார். ஆனால் ஸ்பிரிட் கொஞ்சம் கூடினாலும் போச்சு, தடித்தவனும் வெளுத்துவிடுவான். எல்லாம் பத்து வினாடி வித்தைதான்.

அந்தப் பத்து வினாடிக்கு ராகேல் கடிகாரம் பார்ப்பதில்லை. நாகர்கோவிலில் படித்த காலத்தில் லேப் கடிகாரம் என்றைக்கு ஓடியது? வகுப்பில் பத்துப் பெண்கள். அட்டண்டன்ஸ் பெயர்களை வரிசையாகச் சொன்னால் சரியாகப் பத்து வினாடி என்று கண்டுபிடித்தவள் நேசம்மாள், ஏழாவது பெயர்க்காரி. விடுதியில் ராகேலோடு ஒரே தட்டில் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தின்றவள். ஆறாம் மாதமே கல்யாணம் என்று வீட்டார் கூட்டிக்கொண்டு போனார்கள். அட்டண்டன்ஸில் பெயரை அடித்துவிட்டார்கள். ராகேல் மட்டும் இன்றைக்கும் பத்துப் பெயரையும் சொல்லித்தான் ஸ்பிரிட் விடுகிறாள்.

நேற்றுக் காலை லேபுக்கு வந்த சீழ்க்குப்பியில் ‘நேசம்மாள், 53’ என்று எழுதியிருந்தது. வார்டுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். அவளேதான். சர்க்கரை நோய், காலில் புண், காய்ச்சல் ஏறிக்கொண்டே இருந்தது. லேபின் வளர்ப்புத் தட்டில் கிருமி வளர்ந்து தெரிய மறுநாள் ஆகும். அதுவரை பொறுக்க முடியாது, ஸ்லைடைப் பார்த்து உடனே சொல்லுங்கள் என்றார் டாக்டர்.

ஸ்பிரிட்டை விட்டுக்கொண்டே ராகேல் பெயர்களைச் சொன்னாள். ஏழாவதில் நாக்கு ஒட்டிக்கொண்டது. கை மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தது.

மைக்ராஸ்கோப்பில் உருண்டை உருண்டையாக, திராட்சைக் குலை போலக் கிருமிகள். நிறம் இளஞ்சிவப்பு. அப்படியே சொல்லிவிடப் போனைக்கூட எடுத்துவிட்டாள். அப்போதுதான் அந்தக் குலை உறுத்தியது. சங்கிலியாக நிற்பது ஓர் இனம், குலைகட்டுவது ஓர் இனம். புண்ணில் குலைகட்டுகிறவன் ஊதாவாக அல்லவா இருக்க வேண்டும்? எங்கே பிசகினோம் என்று அவளுக்குச் சட்டென்று புரிந்தது. தன்னைத்தானே திட்டிக்கொண்டு, மீதிச் சீழில் புது ஸ்லைடு போட்டாள். இந்தத் தடவை பத்துப் பெயரையும் நிற்காமல் சொன்னாள். நல்ல ஊதா. அதைச் சொன்ன பிறகுதான் மருந்து ஏறியது.

இன்று காய்ச்சல் இறங்கியிருந்தது. ராகேல் கட்டிலோரம் உட்கார்ந்து நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

“எம்பேர இன்னுமா சொல்லுத? அத அன்னைக்கே அடிச்சாச்சே மக்கா” என்றாள் நேசம்மாள்.

“ஒன்னய விட்டா ஒம்பதுதானட்டி வரும்” என்றாள் ராகேல்.

நேசம்மாள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். ராகேலின் கையை மட்டும் விடவில்லை.